ஐந்து முறை ஒன்று புள்ளி எட்டு

மனிதத் தவறு. இந்த இரண்டு சொல்லையும் எங்கள் மென்பொருள் கம்பெனி மேலாளர் தில்லைராஜன் சார் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். காரில் வரும்போது ஒரு தடவை, இந்த நீர்வளத் துறைக் கோட்ட அலுவலக வாசலில் இறங்கும்போது ஒரு தடவை, விசாரணை அறைக்குள் போவதற்கு முன்னால் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஒரு தடவை. மனிதத் தவறுன்னு அவங்களே எழுதிட்டாங்க ஜெஸிந்தா, நாம குறுக்கே நிக்காம இருந்தாப் போதும் என்று. குறுக்கே நிற்காமல் இருப்பதற்காகத்தான் நான் இந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மணி பத்து ஐம்பது. கூப்பிடுவார்கள், போய், கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லி, மடியில் இருக்கிற இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும். தாளில் நாலே வரி. மணலோடை வெள்ள எச்சரிக்கை மென்பொருளை எழுதியவள் நான் என்பது முதல் வரி, அது உண்மை. அக்டோபர் பதினேழாம் தேதி பிற்பகலில் அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது என்பது இரண்டாவது, அது உண்மையைப் போல இருக்கிற ஒன்று. அதன் லாக் ஃபைலில் பிழை எதுவும் பதிவாகவில்லை என்பது மூன்றாவது, அதுவும் உண்மைதான், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே பணியில் இருந்தவரின் கவனக்குறைவே காரணம் எனக் கருதுகிறேன் என்பது நாலாவது. கருதுகிறேனாம். என்னைக் கேட்காமல் எனக்காக ஒருவர் கருதி, தட்டச்சுச் செய்து, இரண்டு பிரதி எடுத்து, கீழே என் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார். அந்த இடம்தான் இப்போது என்னுடையது. இரண்டு அங்குலம்.

பிழை பதிவாகவில்லை என்றால் எப்படிப் பதிவாகும். பிழையை எழுத வேண்டிய புரோகிராமே நின்றுபோயிருந்தது. மூச்சு நின்றவன் எனக்கு மூச்சு நின்றுவிட்டது என்று எழுதி வைக்கவில்லை, ஆகையால் அவன் நன்றாகத்தான் இருந்தான் என்று சொல்வது மாதிரி. இதைச் சாரிடம் சொன்னேன், காரில், பாளையங்கோட்டை தாண்டும்போது. அவர் சிரித்தார். இதெல்லாம் கமிட்டிக்குப் புரியாதும்மா என்றார். புரியாது என்றால் புரியவைக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை அவருக்கு, புரியாதவரை நல்லது என்று அர்த்தம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? மேலே காட்டுக்குள் குறுக்குப்பாறையில் ஆற்றின் மட்டத்தை அளக்கிற கருவி இருக்கிறது. அது பத்து நொடிக்கு ஒரு முறை ஒரு எண்ணை மோடம் வழியாக அணையின் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். அங்கே மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் திரை முழுக்க என் புரோகிராம், நடுவில் அந்த எண், கையளவு பெரிதாக. மூன்று மீட்டரைத் தொட்டால் அது அலறும், உடனே பணியில் இருக்கிற லஸ்கர், அதாவது அணைக் காவலாள், சுவரில் இருக்கிற சுவிட்சைப் போட்டுச் சங்கை ஊதவிட வேண்டும், கீழே நெடுவிளைத் தரைப்பாலத்தில் இருக்கிறவர்கள் கரையேறிவிடுவார்கள். இவ்வளவுதான் திட்டம். பதினேழாம் தேதி மதியம் இரண்டு ஏழுக்கு மோடத்தில் சிக்னல் போனது. இணைப்பு அறுந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அறுந்தது என்று புரோகிராம் தெரிந்துகொண்டிருக்கும், அது அறுபடவில்லை, சும்மா ஊமையாகிவிட்டது. என் புரோகிராம் அடுத்த எண்ணுக்காகக் காத்து நின்றது. திரையில் 1.80. இரண்டு இருபதுக்குக் குறுக்குப்பாறையில் மட்டம் மூன்றைத் தாண்டியது. திரையில் 1.80. இரண்டு நாற்பத்தைந்துக்குத் தண்ணீர் தரைப்பாலத்துக்கு வந்தபோது மொபெட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒருவர் பாலத்தின் நடுவில் இருந்தார். செல்லத்துரை, வயது ஐம்பத்தெட்டு. இரண்டு நாள் கழித்து ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தார். திரையில் 1.80 தான், இரண்டு ஐம்பத்தாறுக்கு மோடத்துக்கு உயிர் வந்து, பழைய இணைப்பை வெட்டிப் புதிதாகத் தொட்டு, எண் ஒரே தாவாகத் தாவி 4.10 ஆகும்வரை.

நாற்பத்தொன்பது நிமிடம். ஒரு வரியால். அந்த வரி எனக்கு மனப்பாடம், மூடிய கண்ணுக்குள்ளும் வரி எண்ணோடு தெரிகிறது, 212. நான் எழுதியது. மறைக்க என்ன இருக்கிறது, நான்தான் எழுதினேன், போன வருஷம் டிசம்பரில், மூன்றே நாளில் டெமோ காட்ட வேண்டும் என்று சொன்னபோது. திரையை வரைவது, பட்டனைக் கேட்பது, அபாய ஒலி எழுப்புவது என்று எல்லாவற்றையும் ஒரு புரோகிராமில் ஒரே ஓட்டம்தான், வீட்டுக்கு ஒரே வேலையாள் மாதிரி, பார்த்துக்கொள்ளும். அதே ஓட்டத்திடம் போய், சாக்கெட்டில், எண் வந்து சேர்கிற அந்த வாசலில், அடுத்த எண் வரும்வரை நின்று படித்துக்கொண்டு வா என்று நான் சொல்லிவிட்டேன். எண் வந்தால் திரும்பி வரும். வராவிட்டால் வாசலிலேயே நிற்கும், வீட்டில் தீப்பிடித்தாலும் நிற்கும். அலாரமும் அதன் கையில்தான், அதனால் அலாரமும் இல்லை. முதல் வருஷம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது, படிக்கிற வேலைக்குத் தனி ஓட்டம் போடு, எத்தனை நொடி காத்திருக்கலாம் என்று எல்லை வை, கிடைத்ததைத் திரையிடம் ஒப்படை, கடைசி எண் எப்போது வந்தது என்பதைப் பக்கத்திலேயே காட்டு, பழசானால் சிவப்பாக்கு. தெரியும். தெரிந்துகொண்டே டெமோவுக்குத்தானே என்று எழுதினேன். டெமோ முடிந்ததும் மாற்றலாம் என்று எழுதினேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி சாருக்கு மெயில் போட்டேன், இந்த மாதிரி நிற்கும், நின்றதே தெரியாது, இரண்டு வாரம் கொடுங்கள் என்று. பதில் வந்தது. டெமோவில் நன்றாகத்தானே ஓடியது, திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்குக் கீழே ஒரு சிரிக்கிற பொம்மை. அந்தப் பொம்மையை நான் மன்னிக்கவே மாட்டேன். ஏப்ரலில் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே சரிசெய்து வைத்தேன், என் கம்ப்யூட்டரில் அது இன்றைக்கும் இருக்கிறது, கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வர அரை மணி நேரம். மறுபடியும் துறையில் சோதனை, மறுபடியும் ஒப்புதல், யார் அலைவது, மழைக்காலம் முடியட்டும் என்றார். மழைக்காலத்துக்காகத்தானே சார் இந்தப் புரோகிராமே என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரி சார் என்றேன். என் வாயிலிருந்து வருகிற சரி சார்களை யாராவது பதிவு செய்திருந்தால் அந்த லாக் ஃபைல் எவ்வளவு நீளம் போகும்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஓர் அம்மாள் வந்து உட்காருகிறாள். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சேலை, இஸ்திரி போட்டது, மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. மடியில் மஞ்சள் துணிப்பை, அதன் மேல் இரண்டு கையும். நான் பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன், பேப்பரில் வந்த படத்தில் இதே நெற்றி. மாடத்தி. லஸ்கர் மாடத்தி, பதினெட்டாம் தேதியிலிருந்து பணியிடை நீக்கம். அவளுக்கு என்னைத் தெரியாது. எதற்கு இப்படி எனக்கு வியர்க்கிறது, மேலே காற்றாடி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் நின்றுகொள்ளலாம். போகக்கூடாது. ஏன் போகக்கூடாது, ஓடிப்போன மாதிரி இருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது ஓடுவது, எனக்குத் தெரியும். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்க்கிறாள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை. சார் காரில் எனக்குக் காட்டினார், கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்காங்க பாரு என்று. அதில் ஐந்தாவது பத்தி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ரிஜிஸ்டரில் மட்டத்தை எழுத வேண்டும் என்பது விதி, அவள் எழுதியிருக்கிறாள், 2.10க்கு 1.80, 2.20க்கு 1.80, 2.30க்கு, 2.40க்கு, 2.50க்கு, ஐந்து முறையும் 1.80, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. மேலே இருக்கிற கருவியின் நினைவில் அப்போது 2.4, 3.1, 3.6 என்று ஏறியிருக்கிறது. கருவி அளந்தது திரைக்கு வந்திருக்கும் என்று இவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். அதனால் என்ன எழுதியிருக்கிறார்கள், தூங்கி எழுந்து ஐந்தையும் மொத்தமாக எழுதியிருக்கிறாள் என்று. உதவிப் பொறியாளர் மூன்று ஐந்துக்கு உள்ளே வந்தபோது திரையில் 4.25 சரியாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, சங்கும் ஊதிக்கொண்டிருந்தது, பிந்தி ஊதினாள், அவ்வளவுதான் என்று. அதாவது, ஒருத்தி கண்ணை இமைக்காமல் பார்த்து, பார்த்ததை அப்படியே, பத்து நிமிடம் பிசகாமல் எழுதியிருக்கிறாள், அந்த நேர்மைதான் அவளுக்கு எதிரான சாட்சி. 1.85, 1.90 என்று பொய்யாக நாலு எண்ணை ஏற்றிப் போட்டிருந்தால் விழித்திருந்தாள் என்று நம்பியிருப்பார்கள். அறை முழுக்க அதிகாரிகள் உட்கார்ந்து இப்படி யோசித்திருக்கிறார்கள், டீ குடித்துக்கொண்டு.

இதில் நான் எங்கே, நான் மட்டும் மேலே உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறேனே. புரோகிராமோடு நான் கொடுத்த கையேட்டின் நாலாம் பக்கத்தை ஏன் தாண்டித் தாண்டிப் போகிறேன். திரையில் மவுஸால் எங்கும் தொட வேண்டாம், அமைப்புகள் மாறிவிட வாய்ப்புண்டு. நான்தான் எழுதினேன். யாராவது தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டு எனக்குப் போன் போடுவார்களே என்ற எரிச்சலில் எழுதிய வரி. அதைத்தான் கட்டுப்பாட்டு அறையில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். நின்றுபோன புரோகிராமில் ஒரே ஒரு கிளிக் செய்தால் போதும், ஜன்னல் வெளுத்துவிடும், பதில் தரவில்லை என்று மேலே எழுத்து வந்துவிடும், குழந்தைக்கும் தெரிந்துவிடும். தொடாதவரை அது உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கும். தொடாதே என்று சொன்னவள் நான். திரை முழுக்க நிரப்பி, கீழே ஓடுகிற கடிகாரத்தையும் மறைத்தவள் நான், அழகாக இருக்கட்டும் என்று. 212 மட்டும் இல்லை, எல்லாமே என் கையெழுத்து. சார் அதைத்தானே சொன்னார், மிரட்டுகிற குரலே இல்லாமல், அந்த வரியை யார் எழுதினதுன்னு போய்ப் பார்த்தா உன் பேருதாம்மா இருக்கும், ஒரு ஆள் செத்திருக்கான், கேஸுன்னு வந்தா எனக்கும் தெரியாது என்ன ஆகும்னு. அம்மாவும் நேற்றுப் போனில் அதையே வேறு மாதிரி சொன்னாள், உனக்கு எதுக்குப் பிள்ளே ஊர் வம்பு. ஊர் வம்பா இது. சிறைச்சாலை எப்படி இருக்கும், பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தினமும் அந்தச் சுவர் ஓரமாகத்தான் நடந்தேன், சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு தினமும் காலையில் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்து என்ன எழுதுவேன்.

நீங்களும் விசாரணைக்கா வந்திருக்கிய என்று அவள் கேட்கிறாள். ஆமாம் என்றேன். எந்த ஆபீஸு என்றாள். கம்ப்யூட்டர் ஆள் என்றேன், அது பொய் இல்லை. அவள் தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், எனக்கு இடம் விடுகிற மாதிரி, இவ்வளவு பெரிய பெஞ்சில். பிறகு நான் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள், இருபத்து மூன்று நாளாக யாரிடமும் பேசாதவள் பேசுகிற மாதிரி, என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்து. வீட்டுக்காரர் இதே அணையில் லஸ்கராக இருந்து ஷட்டர் சங்கிலி அறுந்து அடிபட்டுப் போனாராம், வாரிசு வேலை இவளுக்கு வந்து பதினொரு வருஷம். ஒரு நாள் மெமோ வாங்கினதில்லை. மகள் நர்சிங் படிக்கிறாள், முதல் நாள் போன் செய்து, நெசமாத் தூங்கிட்டியாம்மா என்று கேட்டாளாம். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையோடும் சரியாகப் பேச்சில்லை. செத்தவரின் பெண்டாட்டி வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாளாம், அவளைக் குத்தம் சொல்ல முடியாது என்றாள். துணிப்பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"இப்பம் எனக்கே சந்தேகமா இருக்கும்மா. ஒரு நிமிசம் கண்ணசந்துட்டனோன்னு. நான் பாக்கும்போதெல்லாம் ஒண்ணு எம்பதுதான் இருந்துச்சு, அது என் கண்ணுக்குள்ளயே நிக்கி. ஆனா அம்புட்டுப் பேரும் ஒரே வார்த்தையாச் சொல்லும்போது, நான் ஒருத்தி மட்டும் இல்லைன்னு எப்படிச் சொல்லுதது? உள்ள போயி ஒத்துக்கிட்டு வந்துரலாமான்னு இருக்கு."

இது பயம் இல்லை, பயம் எனக்கு நன்றாகத் தெரியும், இது வேறு. வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள், போகட்டும் அதைத் திருப்பித் தந்துவிடலாம். ஊர் ஏசியது, நாளாவட்டத்தில் மறக்கும். ஆனால் இவர்கள் இவளுடைய கண்ணையே பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தன் கண்ணால் பார்த்ததைத் தான் பார்க்கவில்லை என்று ஒருத்தி நம்பும்வரை சேர்ந்து நின்று சொல்லியிருக்கிறார்கள், தாளாகவும் மெமோவாகவும் செய்தியாகவும், அதில் நாலாவது வரியாக நானும் சேர வேண்டுமாம், இரண்டு அங்குலத்தில். அந்த மதியம் அந்த அறையில் சரியாக வேலை பார்த்தது ஒன்றே ஒன்றுதான், அது இவள். மோடம் ஏமாற்றியது, என் புரோகிராம் ஏமாற்றியது, என் கையேடு இவள் கையைக் கட்டிப்போட்டது. இவள் மட்டும் பார்த்தாள், எழுதினாள், எண் மாறிய அடுத்த நிமிடமே ஓடிப்போய்ச் சங்கை ஊதினாள்.

"அக்கா, நீங்க தூங்கல" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நான் சொன்னேன். அந்தப் புரோகிராமை எழுதினது நான்தான் என்பதிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாமல் போய்விடும் என்ற பயத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். போனை எடுத்து அந்த வீடியோவையும் காட்டினேன். ஆபீஸ் மேஜையில் அதே புரோகிராமை ஓட்டி, கருவி மாதிரியே எண் அனுப்ப இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து, நடுவில் அனுப்புவதை மட்டும் நிறுத்தி எடுத்தது. சுவர்க் கடிகாரம் ஓடுகிறது, திரையில் எண் அப்படியே நிற்கிறது, பன்னிரண்டு நிமிடம். அவள் போனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். வேகமாக ஓட்டிக் காட்டட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். கடிகார முள்ளையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன், என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்வாள் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்னைக்குப் புடிச்சது?"

இருபதாம் தேதி என்றேன்.

"இன்னைக்கு ஒம்பது." விரல் விட்டு எண்ணவில்லை, மனதுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். "இருவது நாளா இது உங்க போன்லயா கிடந்துச்சு?"

சொல்ல நிறைய இருந்தது, சார், அம்மா, கேஸ், சுவர், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அவள் சத்தம் போடவில்லை. இருபது நாளில் தன் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாள், தெருக்குழாயில் தண்ணி பிடிக்க யார் கண்ணிலும் படாமல் விடியும் முன்னே போய் வந்ததைச் சொன்னாள், ஒரு நாள் அணைக்கட்டின் மேல் போய் நின்றதையும் சொன்னாள், ஏன் நின்றாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. நீங்க படிச்சவிய, உங்களுக்குப் பயம்னா பயந்துக்கிடலாம், எங்களுக்கு அதுக்கும் வழியில்ல என்றாள். போனை என் கையில் கொடுக்காமல் பெஞ்சில், எங்களுக்கு நடுவில் வைத்தாள். நான் இதுவரை கோபப்பட்டுக்கொண்டிருந்தேனே, காலையிலிருந்து, பிப்ரவரியிலிருந்து, அதெல்லாம் என்ன, வசதியாக நிழலில் உட்கார்ந்து பட்ட கோபம். இவளுடையது வெயிலில் நின்றது. அதன் முன்னால் என்னுடையது வெட்கமாக இருந்தது. அறைக்கதவு திறந்து பியூன் எட்டிப் பார்த்து, ஜெஸிந்தா மேடம் வாங்க என்றார். நான் எழுந்தேன். மாடத்தியும் எழுந்தாள். உங்களை அப்புறம்தான் கூப்பிடுவாங்க என்று பியூன் சொல்ல, இவங்க சொல்லுததை நான் கேக்கணும் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள்.

உள்ளே மூன்று பேர், நடுவில் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் என்று சார் சொல்லியிருந்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ஓரத்தில் தட்டச்சுச் செய்கிற பெண். தில்லைராஜன் சார் என்னைப் பார்த்துச் சிரித்து, தாளைக் கொடு என்று கண்ணாலேயே சொன்னார். நான் தாளைக் கொடுத்தேன், கையெழுத்து இல்லாமல். இதில் நாலாவது வரி பொய், மூன்றாவது வரி ஏமாற்று என்றேன், என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை, கொஞ்சம் கீச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அறையில் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் மேஜையில் ஒயர் இழுத்து, போனிலிருந்து எண்ணை அனுப்பி, திரையில் எண் ஏறுவதைக் காட்டி, நிறுத்தினேன். பார்த்துக்கொண்டே இருங்கள் சார் என்றேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஜெஸிந்தா கொஞ்ச நாளா ரொம்ப மன அழுத்தத்தில் இருக்காங்க என்று சார் ஆரம்பித்தார், தலைவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நாலாவது நிமிடத்தில் தலைவர் தானே கையை நீட்டி மவுஸைத் தொட்டு ஒரு கிளிக் செய்தார். ஜன்னல் வெளுத்தது. கண்ணாடியை இறக்கி மேலே வந்த எழுத்தைப் படித்தார். இதை அந்தம்மா ஏன் செய்யலை என்று கேட்டார். செய்யக்கூடாது என்று நான் எழுதி வைத்திருந்தேன் என்றேன். நாலாம் பக்கத்தைக் காட்டினேன். பிப்ரவரி மெயிலையும் பதிலையும் வைத்தேன், அந்தப் பொம்மையோடு. சார் அதைச் சரிபார்க்க வேண்டும் என்றார், யார் எதை அனுப்பினார்கள் என்று அவருக்கு நினைவில்லை என்றார்.

"அப்படின்னா தப்பு உங்களோடதுன்னு சொல்றீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"அந்த வரி என்னோடது சார். மாத்தணும்னு எழுதிக் கொடுத்ததும் நான். மாத்தாம விட்டது நான் மட்டும் இல்லை. அதை எழுதிக்கோங்க, ஆனா அதுக்கு முன்னாடி அவங்க தூங்கலைன்னு எழுதிக்கோங்க."

தட்டச்சுப் பெண் தலைவரைப் பார்த்தாள். அவர் யோசித்தார். மென்பொருளில் தற்காலிகத் தாமதம் ஏற்பட்டிருக்கலாம் என்று போடுங்கள் என்றார். இருக்கலாம் இல்லை சார், ஏற்பட்டது என்றேன், தாமதம் இல்லை, நின்றுபோனது, நாற்பத்தொன்பது நிமிடம். மாடத்தி தட்டச்சு மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு எழுத்தும் விழுகிறதா என்று. பணியில் இருந்தவர் விழித்திருந்து, திரை காட்டிய அளவையே உரிய நேரத்தில் பதிவு செய்துள்ளார் என்ற வரி வந்ததும் ஒரு முறை உதட்டை அசைத்துப் படித்தாள். எனக்கு ஒரு நகல் வேணும், சீல் போட்டு என்றாள். நீக்கத்தை ரத்து செய்வது என் கையில் இல்லை, மேலே எழுதுகிறேன் என்றார் தலைவர். என்னைப் பார்த்து, உங்களை மறுபடி கூப்பிடுவோம், போலீஸிலும் கேட்பார்கள், ஊரை விட்டுப் போக வேண்டாம் என்றார். எங்கே போவேன். கையெழுத்துப் போட்டேன், இந்த முறை நான் சொன்னதற்குக் கீழே. சார் என்னைத் தாண்டி வெளியே போகும்போது, நாளைக்கு ஆபீஸுக்கு வர வேண்டாம் என்று மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாகச் சொன்னார்.

வராந்தாவில் வெயில் பெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. பன்னிரண்டு இருபது. மாடத்தி நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை, வகுப்பில் இருக்கும் என்றாள், சாயங்காலம் பேசிக்கிடலாம் என்று தனக்குத்தானே சொன்னாள். எனக்கு நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை, நான் அதை எதிர்பார்க்கிற இடத்தில் இப்போது இல்லை. படியில் இரண்டு இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"நெடுவிளைக்குப் பன்னெண்டே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கு. அங்க செத்தவரு வீட்டுப் பொம்பள என்னை நெனச்சுத்தான் தெனமும் ஏசிக்கிட்டு இருக்கா. நான் போயி இந்தத் தாளைக் காட்டுனா நம்புவாளா? எழுதினவிய நீங்க வந்து சொல்லணும்."

உள்ளே மூன்று அதிகாரிகளின் முன்னால் நிற்பதற்கு இருந்த தைரியம் இதற்கு இல்லை என்பது உடனே தெரிந்தது. அங்கே மேஜை இருந்தது, மெயில் இருந்தது, இரண்டு வாரம் கேட்டேன் என்று சொல்ல முடிந்தது. அந்த வீட்டில் போய் எதைக் காட்டுவேன். அவள் மண்ணை வாரினால் அது இந்த முறை சரியான ஆள் மேல்தான் விழும். போகலாம் என்று நான் சொன்னதாக நினைவில்லை, ஆனால் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன், மாடத்தி காத்திருக்காமல் முன்னால் நடந்துகொண்டிருந்தாள், கேட்டைத் தாண்டும்போதுதான் உறைத்தது, இந்த இருபத்து மூன்று நாளில் எண்ணெண்ணாக எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கிறேன், அதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. வேகமாக நடந்து அவளை எட்டிப் பிடித்தேன்.

"அக்கா, அவங்க பேரு என்ன?"

"தங்கக்கனி" என்றாள் மாடத்தி, நடையை நிறுத்தாமல்.